பத்து பாட்டில்

"எத்தனை பாட்டில் ஏத்தினீங்க டாக்டர்?" என்ற கேள்வியைக் கேட்காமல் எனக்கு ஒரு பருவமும் கழிந்ததில்லை. குதிரையின் உரிமையாளர் தொலைபேசியில் கேட்பார், பண்ணை மேலாளர் வாசலில் நின்று கேட்பார், இரவெல்லாம் கண்விழித்துக் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த சயிஸ், அதாவது குதிரைப் பராமரிப்பாளர், விடியற்காலையில் கேட்பார். கேட்பவர் யாராக இருந்தாலும் அந்தக் கேள்வியில் இருக்கும் அக்கறை உண்மையானது. உடம்புக்குள் நடப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காலியான சலைன் பாட்டில்கள் தெரிகின்றன. சுவரோரம் அவை வரிசையாகச் சேரச் சேர, ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்ற ஆறுதல் பிறக்கிறது. அந்த ஆறுதலை நானும் ஒருகாலத்தில் நம்பியவன் என்பதால்தான் இக்கேள்வி இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு குதிரைப் பண்ணையில் உதவி மருத்துவராக இருந்தேன். லாரியில் இரண்டு நாள் பயணம் செய்து வந்திறங்கிய பெட்டைக் குதிரை ஒன்றுக்கு மறுநாள் மாலை கழிச்சல் தொடங்கியது. சாணம் இளகுவது போல அல்ல. குழாயைத் திறந்துவிட்டது போல நாற்றத்துடன் தண்ணீராகப் பீய்ச்சியது. எடை ஏறக்குறைய 480 கிலோ. இதயம் நிமிடத்துக்கு 84 முறை அடித்தது. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு அது 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். ஈறு ஊதாச் சிவப்பில் இருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப நான்கு நொடி ஆனது. காதுகள் சில்லிட்டிருந்தன. மூத்த மருத்துவர் வெளியூரில் இருந்தார். மருந்தறையில் இருந்தவை மனிதர்களுக்கான அரை லிட்டர் ரிங்கர் லாக்டேட் (சிரை வழியே ஏற்றும் உப்புக் கரைசல்) பாட்டில்கள், மொத்தம் பத்து. பத்தையும் ஏற்றினேன். கடைசி பாட்டில் முடியும்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை இப்போதும் நினைவுகூர முடிகிறது. பத்து பாட்டில் என்பது ஒரு மனிதருக்கு இரண்டு நாளைக்கு மேல் ஏற்றும் அளவு அல்லவா? மறுநாள் நண்பகலில் அந்தக் குதிரை இறந்தது.

திரும்பி வந்த மூத்தவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்து, 480-ஐ 8 விழுக்காட்டால் பெருக்கச் சொன்னார். 38 லிட்டர் வந்தது. "நீ குடுத்தது அஞ்சு. அது ராத்திரியெல்லாம் பின்னாடி விட்டதே அதவிட ஜாஸ்தி இருக்கும்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நாற்பது லிட்டர் என்றால் என்ன

அந்தப் பெருக்கலை நான் கல்லூரியில் படிக்காமலில்லை. எடையை நீரிழப்பு விழுக்காட்டால் பெருக்கினால் ஈடுசெய்ய வேண்டிய அளவு. அதன் மேல், நாள் ஒன்றுக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வரையிலான அன்றாடத் தேவை. அதற்கும் மேல், தொடர்ந்து கழிச்சலில் போய்க்கொண்டிருப்பது. மூன்றையும் கூட்டினால் கடுமையான பெருங்குடல் அழற்சியில் ஒரு குதிரைக்கு ஒரே நாளில் 80 லிட்டரைத் தாண்டிப் போகும். தாளில் எழுதுவதற்கு எளிதான எண் அது. லாயத்தில் அதே எண் 160 பாட்டில்களாக மாறி நிற்கும்போதுதான் அதன் கனம் புரிகிறது. ஒவ்வொரு பாட்டிலும் முடிவதற்குள் அடுத்ததை மாற்ற ஓர் ஆள் நிற்க வேண்டும். குழாயில் காற்று புகாமல் பார்க்க வேண்டும். கழுத்துச் சிரையில் போட்ட 14 கேஜ் கதீட்டர் நழுவாமல் தைத்து, மணிக்கொரு முறை அந்த இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். சிரை கயிறு போல் இறுகித் தடித்தால் உள்ளே ரத்தம் உறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். கழிச்சலால் நச்சு ஏறிய குதிரைகளில் இது மிக எளிதாக நேரும். மனிதர்களுக்கான மெல்லிய டிரிப் செட்டில் புவியீர்ப்பை நம்பி 40 லிட்டரை இறக்குவது எவ்வளவு மெதுவான வேலை என்பதை, ஏணியில் ஏறி உத்தரத்தில் பாட்டிலைக் கட்டியவர்கள் அறிவார்கள்.

அதனால்தான் அதிர்ச்சி நிலையில், அதாவது ரத்த ஓட்டம் சரிந்த நிலையில், இருக்கும் பெரிய குதிரைக்கு முதலில் 7.2 விழுக்காட்டு அடர் உப்புக் கரைசலைக் கிலோவுக்கு 4 மில்லி என்ற அளவில், அதாவது ஏறக்குறைய 2 லிட்டர், விரைவாக ஏற்றுகிறோம். அது திசுக்களிலும் குடலிலும் உள்ள நீரை ரத்தக் குழாய்க்குள் இழுத்து, சற்று நேரம் அவகாசம் வாங்கித் தருகிறது. வாங்கியது கடன், பின்னாலேயே ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 10 லிட்டர் சாதாரணக் கரைசல் போயாக வேண்டும். இந்தப் பின்பாதியை மறந்துவிட்டு முன்பாதியை மட்டும் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குதிரை இரண்டு மணி நேரம் தெளிந்து நிற்கும், பிறகு முன்னைவிட மோசமாகச் சரியும்.

குடல் வேலை செய்கிற நிலையில் இருந்தால், குறிப்பாகப் பெருங்குடலில் சாணம் கட்டிக்கொண்ட வயிற்றுவலியில், மூக்கு வழியாக வயிற்றுக்குழாய் போட்டு நீர் கொடுப்பதே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. ஒரு லிட்டர் நீருக்குச் சமையல் உப்பு 5.27 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.37 கிராம், சமையல் சோடா 3.78 கிராம் கலந்தால் சோடியம் 135, பொட்டாசியம் 5, குளோரைடு 95 மில்லிமோல் (கரைந்த உப்புகளை அளக்கும் அலகு) என்ற அளவில் குதிரையின் ரத்தநீருக்கு மிக நெருக்கமான கரைசல் கிடைக்கிறது. ஒரு வேளைக்கு 6 முதல் 8 லிட்டர். ஆனால் ஊற்றுவதற்கு முன், குழாய் வழியாக வயிற்றில் தேங்கியது ஏதும் திரும்பி வருகிறதா என்று பார்க்காமல் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. நிரம்பிய இரைப்பையில் மேலும் ஊற்றினால் அது கிழியும். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காப்பாற்றியதை நாமறிவோம். பாட்டில் இல்லாத இடத்தில் குடலே வழி என்ற அந்தப் பாடம் லாயத்துக்கும் பொருந்துகிறது.

எதை இழந்திருக்கிறது என்பதும் அளவைப் போலவே முக்கியமானது. கழிச்சலில் சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் போய் ரத்தம் அமிலப் பக்கம் சாய்கிறது. நீண்ட தூரம் ஓடி வியர்த்த குதிரையோ நேர் எதிர்ப்பக்கம் சாய்கிறது. குதிரை வியர்வையில் குளோரைடும் பொட்டாசியமும் அதன் ரத்தநீரில் உள்ளதைவிட அதிகம் என்பதால் ரத்தம் காரமாகிறது, கால்சியம் குறைகிறது, சில வேளை ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் விலாப்புறம் சேர்ந்து துள்ளுகிறது. தீனி தின்னாமல் நிற்கும் குதிரைக்குப் பொட்டாசியம் குறையும், ஏனென்றால் அதற்குப் பொட்டாசியம் வருவதே புல்லிலிருந்துதான். லிட்டருக்கு 20 மில்லிமோல், நம் கடைகளில் கிடைக்கும் 10 மில்லி ஆம்பூலில் ஒன்று, சேர்த்தால் போதும். மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிமோலைத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலைத் தொங்கவிட்டு எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது மருத்துவம் ஆகாது.

அதே அளவு, வேறு உடல்

இறந்துபோன அந்தக் குதிரையிடமிருந்து நான் கற்றது அரைப்பாடம் என்பதை அடுத்த ஆண்டு ஒரு குட்டியிடம்தான் தெரிந்துகொண்டேன். பிறந்து ஐந்து நாளான குட்டி, 45 கிலோ, கழிச்சல். கொடுத்தது போதாமல் ஒரு குதிரையை இழந்தவன் என்ற பயத்தில், ஒரு பகலும் ஓர் இரவும் சாதாரண சலைனாகவே பத்து பாட்டில் ஏற்றினேன். காலையில் குட்டியின் கண்ணிமைகள் உப்பியிருந்தன, கால்கள் முழங்காலுக்குக் கீழே மாவு போல வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, மூச்சு வேகமாகியிருந்தது. முன்பு போதாமல் போன அதே பத்து பாட்டில் இங்கே மிதமிஞ்சிப் போயிருந்தது.

பிறகு கணக்குப் போட்டேன். ஐந்து லிட்டர் சலைனில் சோடியம் 770 மில்லிமோல். ஒரு நலமான குட்டி நாளொன்றுக்குத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பால் குடிக்கிறது. 45 கிலோ குட்டிக்கு அது ஏறக்குறைய 10 லிட்டர். குதிரைப் பாலில் சோடியம் மிகக் குறைவு, லிட்டருக்கு 10 மில்லிமோல் அளவில்தான் இருக்கும். ஆக, இயற்கை ஒரு நாளில் கொடுக்கும் 100 மில்லிமோல் இடத்தில் நான் ஏழரை மடங்கைத் திணித்திருக்கிறேன். குட்டியின் சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றுவதில் வல்லது. அதன் சிறுநீர் தண்ணீரைப் போலவே தெளிந்திருக்கும். உப்பை வெளியேற்றுவதில் அதற்கு அந்தத் திறமை இன்னும் வரவில்லை. தங்கிய உப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, தண்ணீர் திசுக்களில் இறங்குகிறது. சலைனை நிறுத்தி, தாய்ப்பாலைக் கறந்து சிறுகச் சிறுகக் குழாயில் கொடுத்த பின் நான்கு நாளில் வீக்கம் வடிந்தது. குட்டி பிழைத்தது. அதன் பிழைப்பில் என் பங்கு மிகக் குறைவு.

அதன்பிறகு அன்றாடத் தேவைக்கு மனிதக் குழந்தைகளுக்குப் போடும் கணக்கையே சற்று மாற்றிக் குட்டிகளுக்கும் போட்டு வருகிறேன். முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50 மில்லி, மீதமுள்ள எடைக்கு 25 மில்லி. 50 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு 2.25 லிட்டர், அதாவது நாலரை பாட்டில். அதிர்ச்சி நிலையில் இருந்தால் கிலோவுக்கு 20 மில்லி வீதம் ஒரு லிட்டரை இருபது நிமிடத்தில் கொடுத்துவிட்டு நிறுத்தி, இதயம், கால்களின் சூடு, சிறுநீர் மூன்றையும் மறுபடி பார்த்த பிறகே அடுத்த லிட்டர்.

மூன்றாம் நாள் குட்டி

இவ்வளவையும் நான் சொல்ல வந்ததே வேறோர் இரவைச் சொல்வதற்காகத்தான். ஒரு பிப்ரவரி மாதம், பண்ணையில் குட்டி ஈனும் பருவம். பிறந்து மூன்று நாளான ஆண் குட்டி ஒன்று பால் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, முக்கி முக்கி நிற்பதாகச் சயிஸ் வந்து சொன்னார். என் அப்பா வயதுக்காரர். எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். முதல் சாணம் இறங்காமல் மலச்சிக்கல் என்று மேலாளர் சொல்லி, அதற்கு எனிமாவும் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "சாணிக்கு முக்குனா முதுக வளைச்சுக் கால உள்ளார இழுக்கும் சார். இது முதுக கீழ எறக்கி, காலப் பின்னுக்கு நீட்டுது. ஒண்ணுக்குப் போவத்தான் முக்குது, சொட்டுச் சொட்டாத்தான் வருது" என்றார். குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. வயிறு பேரிக்காய் போலக் கீழே தொங்கியது. ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் அலை தெரிந்தது.

பிரசவ அழுத்தத்திலோ பிறவிக் குறையாலோ மூத்திரப்பை கிழிந்து, சிறுநீர் வயிற்றுக்குள் கசிவது குட்டிகளில், குறிப்பாக ஆண் குட்டிகளில், நாம் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. வயிற்றில் ஊசி செலுத்தி எடுத்த நீரில், சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் உள்ளதைவிட இரண்டு மடங்கைத் தாண்டினால் அது சிறுநீர்தான். ரத்தத்தையும் வயிற்று நீரையும் அருகிலிருந்த ஊரில் மனிதர்களுக்கான ஆய்வகத்துக்கு மோட்டார் சைக்கிளில் அனுப்பினோம். ஒன்றரை மணி நேரம் கழித்து ஆய்வகத்திலிருந்து அழைத்த இளைஞர், "பொட்டாசியம் 7.2 காட்டுது சார், ரத்தம் உடைஞ்சிருக்கும், வேற அனுப்புங்க" என்றார். ரத்தநீரின் நிறத்தைக் கேட்டேன். தெளிவாக, மஞ்சளாக இருப்பதாகச் சொன்னார். அப்படியானால் ரத்த அணுக்கள் உடைந்து உள்ளிருந்த பொட்டாசியம் கசியவில்லை, எண் உண்மை. சோடியம் 112, குளோரைடு 81.

இந்த மூன்று எண்களும் ஒரே கதையைச் சொல்கின்றன. குட்டியின் சிறுநீரில் சோடியம் மிகக் குறைவு, பாலிலிருந்து வந்த பொட்டாசியம் மிக அதிகம். அது வயிற்றுக்குள் தேங்கும்போது வயிற்றின் உட்சவ்வு இருபக்கத்தையும் சமன்செய்யப் பார்க்கிறது. ரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் வயிற்று நீருக்குப் போகின்றன, பொட்டாசியம் ரத்தத்துக்குத் திரும்புகிறது. குட்டியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். அந்த வயதில் நிமிடத்துக்கு 80-க்கு மேல் அடிக்க வேண்டிய இதயம் 56 அடித்தது. இடையிடையே ஒரு துடிப்பு வராமல் போனது. பொட்டாசியம் மிகுந்ததன் அடையாளமாக, இசிஜி தாளில் டி அலைகள் கூடாரம் போல எழுந்து நின்றன. பி அலைகளைத் தேட வேண்டியிருந்தது.

உரிமையாளரும் மேலாளரும் வேண்டியது ஒன்றே ஒன்று: உடனே வண்டியில் ஏற்றி, அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கிழிந்ததைத் தைத்தால்தானே சரியாகும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அங்கிருந்த அறுவை மருத்துவர் தொலைபேசியில் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "தைக்கிறது அரைமணி நேர வேலை. இந்தப் பொட்டாசியத்தோட மயக்க மருந்து குடுத்தா நான் தைக்கிறதுக்குள்ள இதயம் நின்னுடும். 5.5-க்குக் கீழ கொண்டு வாங்க, அப்புறம் ஏத்தி அனுப்புங்க. இன்னிக்கு ராத்திரி அறுவை உங்க கையிலதான் இருக்கு."

முதலில் கால்சியம் குளுக்கோனேட்டை நீர்த்து, ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்காமல், மெதுவாகக் கொடுத்தேன். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை; அதன் தாக்குதலிலிருந்து இதயத்தைத் தற்காலிகமாகக் காக்கிறது. 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயங்களை வைத்து ஆய்வு செய்தபோது, வடிநீரில் கலந்த உப்புக் கரைசலில் நின்றுபோன இதயம் குழாய் நீரில் கலந்த கரைசலில் துடித்ததைக் கண்டு, குழாய் நீரில் இருந்த கால்சியமே காரணம் என்று கண்டறிந்தார். நாம் தினமும் கையாளும் பாட்டிலில் அவர் பெயர் இருக்கிறது. அன்றிரவு நான் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை, ஏனென்றால் அதில் கொஞ்சம் பொட்டாசியமும் உண்டு. டிஎன்எஸ், அதாவது சலைனும் 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸும் சேர்ந்த பாட்டிலை எடுத்தேன். டெக்ஸ்ட்ரோஸ் ரத்தத்தில் ஏறினால் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளும். கிலோவுக்கு நிமிடத்துக்கு 4 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 48 கிலோ குட்டிக்கு மணிக்கு 230 மில்லி. 20 சொட்டு ஒரு மில்லி என்ற செட்டில் அது நிமிடத்துக்கு 77 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, உருளையை நகர்த்தி, மறுபடி எண்ணி அதை அந்த வேகத்தில் நிலைநிறுத்தினேன்.

பிறகு வயிற்றின் அடிப்பகுதியில் சிறு குழாய் வைத்து, தேங்கிய சிறுநீரை மெதுவாக வடித்தோம். மெதுவாக என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வயிற்றின் ரத்தக் குழாய்களில் ரத்தம் பாய்ந்து ரத்த அழுத்தம் சரியும். வாளியில் அளந்ததில் நான்கு லிட்டருக்கு மேல் இருந்தது. பொட்டாசியம் வெளியேறும் முதன்மையான வழி அந்தக் குழாய்தான்.

அந்த இரவில் மிகக் கடினமாக இருந்தது எதையாவது செய்வது அல்ல, செய்யாமல் இருப்பது. சோடியம் 112 என்று கேட்டவுடன் கை தானாக அடர் உப்புக் கரைசலை நோக்கிப் போகும். 120-க்குக் கீழே போனால் குட்டிக்கு வலிப்பு வரலாம் என்பது உண்மை. ஆனால் ஓரிரு நாளாகச் சோடியம் குறைந்த ரத்தத்தில் இருந்த மூளை, தன் செல்களுக்குள் இருந்த கரைபொருள்களை வெளியேற்றி அந்த நிலைக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது சோடியத்தைச் சட்டென்று உயர்த்தினால் மூளைச் செல்களிலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு, நரம்பிழைகளின் மேலுறை சிதைகிறது. அதன் விளைவு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும், தெரியும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. வலிப்பு ஏதும் இல்லாத குட்டிக்கு மணிக்கு அரை மில்லிமோல், நாளொன்றுக்குப் பத்து பன்னிரண்டு மில்லிமோல் அளவுக்குள்தான் ஏற்ற வேண்டும். நள்ளிரவில் மேலாளர் வந்து பார்த்தார். மூன்று மணி நேரத்தில் ஒரு பாட்டிலும் இரண்டாவதில் பாதியும்தான் இறங்கியிருந்தன. "என்ன டாக்டர், இன்னும் ரெண்டாவது பாட்டிலே ஓடுது? வேகமா விடக் கூடாதா?" என்று கேட்டார். குட்டி இறந்துகொண்டிருப்பதாகவும் நான் சொட்டு எண்ணிக்கொண்டிருப்பதாகவும் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டைக் குதிரையின் பக்கத்தில் அவரும்தான் நின்றிருந்தார். குறைவாகக் கொடுத்ததால் ஒன்று போனதை அவர் மறக்கவில்லை. அவரிடம் வாதாடாமல், ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். இதயம் 72 அடித்துக்கொண்டிருந்தது, விடுபடாமல். அவர் ஒரு முழு நிமிடம் கேட்டுவிட்டு, தன் சால்வையை எடுத்துக் குட்டியின் மேல் போர்த்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் முறை அனுப்பிய ரத்தத்தில் பொட்டாசியம் 6.1. விடியற்காலை நான்கு மணிக்கு எடுத்ததில் 5.3, சோடியம் 116. இசிஜியில் கூடாரங்கள் தாழ்ந்து, பி அலைகள் திரும்பியிருந்தன. ஏழு மணி நேரத்தில் இறங்கியது மூன்றேகால் பாட்டில்.

ஐந்து மணிக்கு வண்டியில் ஏற்றினோம். அண்ணன் குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். தாய்க்குதிரையை முன்புறம் கட்டி, அதன் வாசனை குட்டிக்குப் படும்படி செய்தார். நான் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றே வந்தேன். மூத்திரப்பையின் மேற்பக்கத்தில் இரண்டு அங்குலக் கிழிசல் இருந்தது. தைத்து முடித்து, மயக்கம் தெளிந்து, குட்டி தடுமாறி எழுந்து நின்றபோது காலை பத்து மணி இருக்கும்.

அதன்பிறகு நான், அண்ணன், மேலாளர் மூவரும் அந்தக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாரும் பாட்டிலைப் பற்றிப் பேசவில்லை. பதினொன்றரை மணிக்குக் குட்டி முதுகைச் சற்று இறக்கி, பின்கால்களைப் பின்னுக்கு நீட்டியது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். தாரையாக, இடையில் நிற்காமல், வைக்கோலில் சத்தம் கேட்கும்படி பெய்தது.